கிராம சபைக்கு முதல் தடவை போறவங்களுக்கு

ஆகஸ்ட் 15 காலையில ஸ்கூல்ல கொடியேத்தி பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்து முடிச்சதும் நம்மள்ல பாதிப் பேரு வீட்டுக்கு வந்து டிவி முன்னாடி உக்காந்திருவோம். அதே நேரம் ஊர்ல கோயில் வாசல்லயோ ஆலமரத்தடியிலயோ சமுதாயக் கூடத்துலயோ ஒரு சாமியானா பந்தல் போட்டு, நாப்பது பிளாஸ்டிக் சேர், ஒரு மைக்செட், ஒரு மேசை, மேசை மேல ஒரு தடிச்ச நோட்டுன்னு வச்சு மீட்டிங் ஒண்ணு நடந்துகிட்டிருக்கும். அதுதான் கிராம சபை. நான் ஓட்டு வயசு வந்து எட்டு வருஷம் கழிச்சுதான் முதல் தடவை அதுல போய் உக்காந்தேன், அதுவரைக்கும் அது பிரசிடென்டும் வார்டு மெம்பரும் நடத்துற கூட்டம், நமக்கென்ன வேலைன்னு நினைச்சிட்டிருந்தேன். அது நம்ம கூட்டம்னு யாரும் சொல்லல. அதான் இத எழுதுறேன், இதுவரைக்கும் போகாதவங்க அடுத்த தடவை போகணும்னு.

சட்டம் சொல்றத மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன். 1992ல அரசியல் சட்டத்துல 73-வது திருத்தம் வந்துச்சு, 1993 ஏப்ரல் 24லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. நாடு பூரா ஊராட்சிகளுக்கு ஒரு அந்தஸ்து குடுத்ததோட, கிராம சபைங்கற அமைப்பையும் அரசியல் சட்டத்துக்குள்ளயே கொண்டு வந்தது அந்தத் திருத்தம்தான். அதுக்கேத்த மாதிரி நம்ம மாநிலத்துல 1994ல தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்துச்சு. இதுல நிறைய பேரு கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. ஊராட்சி மன்றம் வேற, கிராம சபை வேற. நாம ஓட்டு போட்டு அனுப்புற தலைவரும் வார்டு மெம்பர்களும் சேர்ந்தது ஊராட்சி மன்றம். அந்த ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கற அத்தனை பேரும் சேர்ந்தது கிராம சபை. சட்டசபைக்கு எம்எல்ஏ போவாரு, பார்லிமென்டுக்கு எம்பி போவாரு, இங்க மட்டும் நமக்குப் பதிலா யாரும் போறதில்ல, நாமளே போறோம். அப்ளிகேஷன் போட வேணாம், யார் சிபாரிசும் வேணாம், 18 வயசு முடிஞ்சு லிஸ்ட்ல பேரு இருந்தா போதும், நீங்க மெம்பர்தான்.

தமிழ்நாட்டுல ரொம்ப வருஷமா வருஷத்துக்கு நாலு தடவை நடக்கும், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022லேர்ந்து மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம்னு இன்னும் ரெண்டு நாளையும் சேர்த்து ஆறாக்கிட்டாங்க. சில நேரம் தேர்தலோ பண்டிகையோ வந்தா தேதி தள்ளிப் போகும், அதனால முன்கூட்டியே கேட்டு வச்சுக்கறது நல்லது. ஏழு நாளைக்கு முன்னாடியே எங்க நடக்குது, எத்தன மணிக்கு, என்னென்ன பேசப் போறாங்கன்னு தெரியப்படுத்தணும். முன்னெல்லாம் தண்டோரா போடுவாங்க, பறையடிச்சு சேதி சொல்ற வேலைய ஒரு சாதிக்காரங்க தலையில கட்டி வச்சிருந்த அந்த வழக்கத்த 2022ல அரசு வேணாம்னு நிறுத்தச் சொல்லிருச்சு, ரொம்ப சரியான முடிவு. இப்ப ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்றாங்க, வாட்ஸ்அப் குரூப்ல போடுறாங்க, ஊராட்சி ஆபீஸ் போர்டுல ஒட்டுறாங்க. உங்க ஊர்ல ஒண்ணுமே தெரியலைன்னா ஊராட்சி செயலரக் கேளுங்க, எங்க பக்கம் இன்னும் அவர கிளார்க்குன்னுதான் கூப்பிடுவாங்க, ஊராட்சியில நோட்டு எல்லாம் அவர் கையிலதான் இருக்கும்.

இத்தன பேரு வந்தாத்தான் மீட்டிங் செல்லும்னு ஒரு கணக்கு இருக்கு. மக்கள்தொகை 500 வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50 பேரு, 501லேர்ந்து 3,000 வரைக்கும் 100 பேரு, 3,001லேர்ந்து 10,000 வரைக்கும் 200 பேரு, அதுக்கு மேல 300 பேரு. இந்தக் கணக்கு ஏன் முக்கியம்னா, ஆளு வரலைன்னா சில இடத்துல நோட்ட வீடு வீடா எடுத்துட்டுப் போய் கையெழுத்து வாங்குறாங்க, நூறு நாள் வேலை நடக்குற இடத்துல போய் மொத்தமா வாங்குறாங்க. கையெழுத்து கேட்டா போட்டுட்டுப் போறது மரியாதைன்னு நாம நினைக்கிறோம், முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்லக் கூச்சமா இருக்கு, அது எனக்கும் புரியுது. ஆனா நம்ம பேரு இருக்கற பக்கத்துல என்ன தீர்மானம் எழுதப் போறாங்கன்னு தெரியாம கையெழுத்து போட்டா நாளைக்கு அது நாம சம்மதிச்சதா ஆயிடும். "அண்ணே, மீட்டிங்குக்கு வந்து கேட்டுட்டே போட்டுடறேன்"னு சிரிச்ச முகமா சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

சரி, இந்தக் கூட்டத்துக்கு என்ன அதிகாரம் இருக்கு? ஊருக்கு என்னென்ன வேலை செய்யணுங்கற திட்டத்துக்கு ஒப்புதல் குடுக்கறது, ஊராட்சியோட பட்ஜெட்டுக்கு ஒப்புதல் குடுக்கறது, வரவு செலவு மேல வந்த தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் குடுக்கறது, நடக்குற எல்லா திட்டத்தோட முன்னேற்றத்தையும் பரிசீலிக்கறது, இதெல்லாம் கிராம சபையோட வேலைன்னு சட்டத்துலயே இருக்கு. வீடு திட்டத்துல யாருக்கு வீடு, தெருவிளக்கு எத்தன எரியுது, மோட்டார் ரிப்பேருக்கு எவ்ளோ செலவாச்சு, எல்லாமே அங்க கேக்கலாம். 2005ல வந்த நூறு நாள் வேலை சட்டத்துல 17-வது பிரிவுல, அந்த வேலைகள கிராம சபையே சமூகத் தணிக்கை பண்ணணும், அதாவது ஜனங்களே கணக்க சரிபாக்கணும்னு எழுதினாங்க. அதுக்குப் பின்னாடி ராஜஸ்தான் ஏழை ஜனங்க இருக்காங்க. 1994 கடைசியில அங்க பாலி மாவட்டத்துல ஒரு ஊர்ல, மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்ங்கற அமைப்பு ஊராட்சி கணக்க எடுத்து வச்சு பொது இடத்துல ஜனங்க முன்னாடி சத்தமா வாசிக்க ஆரம்பிச்சாங்க. இன்னாருக்கு இத்தன நாள் கூலி குடுத்ததா எழுதியிருக்குன்னு வாசிப்பாங்க, அந்த இன்னார் கூட்டத்துல எழுந்திருச்சு எனக்கு வரலையேன்னு சொல்வாரு. எங்க பணம், எங்க கணக்குன்னு கேட்ட அந்தக் குரல்தான் வளர்ந்து 2005ல தகவல் அறியும் உரிமைச் சட்டமா வந்து நின்னுச்சு. படிக்கத் தெரியாதவங்கதான் அங்க நிறைய பேரு, யாராவது வாசிச்சுக் காட்டினா போதும், கணக்கு அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு.

இப்ப நான் முதல் தடவை போன கதைய சொல்லணும். அக்டோபர் 2. எங்க தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் குடிதண்ணி, அதுவும் அரை மணி நேரம். அந்தக் கோபத்தோட போனேன், மைக் கேட்டேன், பத்து நிமிஷம் பேசினேன். பிரசிடென்ட திட்டினேன், கிளார்க்க திட்டினேன், டேங்க் ஆபரேட்டர் அண்ணன் ஓரமா நின்னுட்டிருந்தாரு அவரையும் பேரு சொல்லித் திட்டினேன். கொஞ்சப் பேரு கைதட்டினாங்க, கொஞ்சப் பேரு எதிர்த்துக் கத்தினாங்க, ரெண்டு பெரியவங்க வந்து உக்காருப்பா உக்காருப்பான்னு தோளப் பிடிச்சு உக்கார வச்சாங்க. மூணு மாசம் கழிச்சு தீர்மான நோட்டுல பாத்தா தண்ணியப் பத்தி ஒரு வரி இல்ல. நான் பேசினேனே தவிர இத எழுதுங்கன்னு கேக்கவே இல்ல, என்ன வேணும்னும் தெளிவா சொல்லல. டேங்க் அண்ணன் அதுக்கப்புறம் என்னப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்குவாரு. அவரு மேல தப்பே இல்லைங்கறது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது, மூணு டேங்குக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய மோட்டார், அது திரும்பத் திரும்ப எரிஞ்சு போகுது, அவரு என்ன பண்ணுவாரு.

அடுத்த ஜனவரி 26 மீட்டிங்ல எங்க தெரு மகளிர் குழு அக்கா ஒருத்தங்க எழுந்திருச்சாங்க. மைக்கெல்லாம் வாங்கல. "மொதல்ல ஒண்ணு சொல்லிக்கறேன், கார்த்திகை மாசம் அந்த மழையில ராத்திரி பத்து மணிக்கு வந்து வால்வு தொறந்து விட்டாரு நம்ம அண்ணன், காலு வழுக்கி விழுந்துட்டு மறுநாளும் வந்தாரு, அவருக்கு எங்க தெரு சார்பா நன்றி"ன்னு சொன்னாங்க. எல்லாரும் திரும்பி அவரப் பாத்தாங்க. அப்புறம், "இப்ப விஷயத்துக்கு வர்றேன், எங்க தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது, இந்த வருஷம் மோட்டார் எத்தன தடவை காயில் கட்டினீங்க, அதுக்கு எவ்ளோ ஆச்சு, நோட்டப் பாத்து சொல்லுங்க"ன்னாங்க. கிளார்க் புரட்டிப் பாத்து மூணு தடவைன்னு சொல்லி தொகையையும் சொன்னாரு. "அப்ப புது மோட்டாருக்கு ஒரு தீர்மானம் எழுதுங்க, எழுதுனத வாசிச்சுக் காட்டுங்க, அதுக்கப்புறம்தான் நாங்க எந்திரிப்போம்"னாங்க. ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது. எழுதினாங்க, வாசிச்சாங்க, அம்பது பொம்பளைங்க வரிசையா போய் கையெழுத்து போட்டாங்க.

நான் கத்துக்கிட்டது எல்லாம் அந்த ரெண்டு நிமிஷத்துலதான். மரியாதையா பேசறதுன்னா குரலத் தாழ்த்தி, குனிஞ்சு, அய்யா பாத்து செய்யுங்கன்னு கெஞ்சறதுன்னுதான் நம்ம ஊர்ல ஒரு பழக்கம் ஆயிப்போச்சு. அந்தக்கா கெஞ்சவே இல்ல. கேள்வி கூர்மையா இருந்துச்சு, கணக்கு கேட்டாங்க, எழுதற வரைக்கும் விடல. ஆனா யாரையும் சின்னதாக்கல, யாரு என்ன வேலை செஞ்சாங்கன்னு தெரிஞ்சு வச்சிட்டு வந்தாங்க, பேச்ச ஆளு மேல வைக்காம மோட்டார் மேல வச்சாங்க. ஆள திட்டினா அந்த ஆளோட சொந்தக்காரங்க, கட்சிக்காரங்க, சாதிக்காரங்க எல்லாம் எந்திரிச்சுருவாங்க, மோட்டாருக்கு சொந்தக்காரங்க யாரும் கிடையாது.

அந்த நன்றியையும் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். நன்றி சொல்றது வேற, ஜால்ரா தட்டுறது வேற. தலைவரோட பெரிய மனசால எங்க தெருவுக்கு ரோடு வந்துச்சுன்னு ஃபிளெக்ஸ் அடிக்கறது எனக்குப் பிடிக்கறதே இல்ல, அது நம்ம வரிப்பணம், அரசாங்கத்தோட நிதி, வர வேண்டியது வந்திருக்கு. ஆனா காலையில ஆறு மணிக்கு வண்டி தள்ளிட்டு வந்து மக்கும் குப்பை மக்காத குப்பை பிரிச்சு எடுத்துட்டுப் போற தூய்மைக் காவலர் அக்கா, நாம சரியா பிரிக்காம போட்டதையும் அவங்க கையாலதான் பிரிக்கறாங்க. டேங்க் மேல ஏறி கழுவி பிளீச்சிங் பவுடர் போடற அண்ணன், கம்பத்துல பல்பு மாத்தற தம்பி, அங்கன்வாடியில இருபது பிள்ளைங்கள ஒரே ஆளா பாத்துக்கற டீச்சர், சத்துணவு ஆயா, இவங்க வாங்கற சம்பளம் ரொம்பக் கம்மி, இவங்க பேரு எந்த ஃபிளெக்ஸ்லயும் வராது. கிராம சபையில நாலு பேரு முன்னாடி, இன்ன நாள்ல இன்ன வேலை செஞ்சீங்க, நன்றின்னு சொன்னா அவங்களுக்கு அது பெரிய விஷயம். முடிஞ்சா அந்த நன்றியையும் தீர்மானமா எழுதச் சொல்லுங்க, நோட்டுல நிக்கும். இன்னொண்ணும் இருக்கு, நன்றி சொல்லணும்னா அவங்க என்ன பண்றாங்கன்னு நாம பாத்திருக்கணும், அப்படிப் பாக்கறப்பதான் அவங்களுக்கு கையுறை இல்ல, டேங்க் ஏணி துருப்பிடிச்சுப் போயிருக்குங்கறதெல்லாம் நம்ம கண்ணுல படும். நன்றியோட சேர்த்து கையுறையும் கேட்டாத்தான் அது முழுசான நன்றி, வெறும் துண்டு போர்த்தி அனுப்பிட்டா பத்தாது.

இப்ப கொஞ்சம் கனமான விஷயம். எல்லாரும் சமமா உக்கார முடியாத ஊர்ல மரியாதைன்னு எதப் பேசறது? மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் மேலவளவுல தலித் சமூகத்தைச் சேர்ந்த முருகேசன் ஊராட்சித் தலைவரா ஜெயிச்சாரு, 1997 ஜூன் 30ல அவரையும் கூட வந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க, தலைவரா உக்காந்ததுதான் அவரு செஞ்ச குத்தம். அதே மதுரை மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்துல விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தல்னு நாலு ஊராட்சிகள தலித்துகளுக்கு ஒதுக்கினதால 1996லேர்ந்து பத்து வருஷம் ஒழுங்கா தேர்தலே நடத்த முடியல, 2006 அக்டோபர்லதான் நடந்துச்சு, அப்ப மதுரை கலெக்டரா இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊரா போய் பேசினாரு. அந்தப் பாப்பாபட்டியில 2021 அக்டோபர் 2 அன்னிக்கு நடந்த கிராம சபையில முதலமைச்சர் ஸ்டாலின் வந்து கலந்துகிட்டாரு. தேர்தலே நடக்காதுன்னு இருந்த ஊர்ல எல்லாரும் சேர்ந்து உக்காந்து கிராம சபை நடந்துச்சுங்கறது எனக்கு ரொம்பப் பெரிசாப் படுது. ஆனா 2020லயே கடலூர் மாவட்டத்துல ஒரு ஊராட்சியில தலித் பெண் தலைவரத் தரையில உக்கார வச்ச போட்டோ வெளிய வந்துச்சே, அதையும் மறக்கக் கூடாது. உங்க ஊர் கிராம சபைக்குப் போனா மொதல்ல யாரு சேர்ல, யாரு தரையில, யாரு பந்தலுக்கு வெளிய வெயில்ல நிக்கறாங்கன்னு பாருங்க. தப்பா இருந்தா உங்க சேர விட்டு எந்திரிச்சு வேற ஒருத்தர உக்கார வைங்க, எனக்குத் தெரிஞ்சு பந்தல்ல அத விடப் பெரிய மரியாதை ஒண்ணும் கிடையாது. கூட்டத்த ஒரே இடத்துல நடத்தாம ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குக்கிராமத்துல சுழற்சியா நடத்தணும்னு இருக்கு, காலனியில ஒரு தடவை கூட நடக்கலைன்னா ஏன்னு கேளுங்க.

பொம்பளைங்க விஷயத்துலயும் இதே கதைதான். 2016லேர்ந்து நம்ம மாநிலத்துல உள்ளாட்சியில 50 சதவீதம் இடம் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கு. ஆனா சில ஊர்ல தலைவர் அம்மா சேர்ல உக்காந்திருப்பாங்க, பதில் சொல்றது அவங்க வீட்டுக்காரர். அப்ப அவரோட சண்டைக்குப் போகாம, "இது தலைவர் அம்மாகிட்ட கேட்ட கேள்வி, அவங்க வாயால கேக்க ஆசைப்படறோம்"னு சொல்லிட்டு அமைதியா காத்திருந்தாலே போதும். எங்க பக்கத்து ஊர்ல அப்படி ரெண்டு மீட்டிங் காத்திருந்தாங்க. மூணாவது மீட்டிங்ல அந்தம்மா தானா எழுந்திருச்சு வரவு செலவு வாசிச்சாங்க.

தீர்மானம் போட்டா எல்லாம் நடந்துருமான்னு கேப்பீங்க. நடக்காது, அதையும் நேராவே சொல்லிடறேன். டாஸ்மாக் கடை வேணாம்னு தீர்மானம் போட்டா மறுநாளே கடைய மூடிர மாட்டாங்க. நிதி இல்லாத வேலைக்கு தீர்மானம் போட்டா வரிசையில நிக்கும். ஆனா அந்தக் காகிதம் கையில இருந்தா கலெக்டர் ஆபீஸ்லயோ கோர்ட்லயோ, இது ஒருத்தன் கோரிக்கை இல்ல, ஊரே கூடிக் கேட்டதுன்னு காட்டலாம். ஒடிசாவுல நியம்கிரி மலையில பாக்ஸைட் வெட்ட வேதாந்தா கம்பெனி வந்தப்போ, அங்க இருக்கற கிராம சபைகள்தான் முடிவு சொல்லணும்னு 2013 ஏப்ரல் 18ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அந்த வருஷம் ஜூலை ஆகஸ்ட்ல 12 ஊர்ல கிராம சபை கூடுச்சு, டோங்ரியா கோந்த் பழங்குடி ஜனங்க ஒவ்வொருத்தரா எழுந்திருச்சு இந்த மலை எங்க சாமின்னு சொன்னாங்க, பன்னெண்டு ஊரும் வேணாம்னுச்சு, சுரங்கம் வரல.

நம்ம பக்கத்துல அரிட்டாபட்டி இருக்கு. அதுவும் மேலூர் வட்டாரம்தான். ஏழு மலை, சுனைங்க, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், லகர் வல்லூறுங்கற வேட்டைப் பறவை எல்லாம் உள்ள ஊரு, 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. 2024 நவம்பர்ல அந்தப் பகுதியச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்கன்னு செய்தி வந்துச்சு. நவம்பர் 1 கிராம சபை அந்த வருஷம் 23-ம் தேதிக்குத் தள்ளிப் போயிருந்துச்சு, அன்னிக்கு அந்தப் பக்கத்துப் பல ஊராட்சிகள்ல சுரங்கம் வேணாம்னு தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9ல சட்டசபையில தீர்மானம் வந்துச்சு, ஜனவரி 7ல ஆயிரக்கணக்கான பேரு மேலூர் பக்கத்துலேர்ந்து மதுரைக்கு நடந்தாங்க, 2025 ஜனவரி 23ல மத்திய அரசு ஏலத்த ரத்து பண்ணிருச்சு. கிராம சபை மட்டுமே இத சாதிச்சிருச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த ஊர்க்காரங்க எங்க பேசப் போனாலும் எங்க ஊர் தீர்மானம் இதோன்னு எடுத்துக் காட்ட ஒண்ணு இருந்துச்சு.

இதையெல்லாம் சொல்றப்போ சிலர் உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலைன்னு ஆரம்பிப்பாங்க. பெருமைதான், முதலாம் பராந்தகன் காலத்துல 919, 921ல வெட்டின அந்தக் கல்வெட்டுல, பதவியில இருந்து கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாதுன்னு கூட இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அது பிராமண ஊர் சபை, கால் வேலி நிலம் இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும், பொம்பளைங்களுக்கும் உழுதவங்களுக்கும் அங்க இடம் இல்ல. இப்ப நம்ம கையில இருக்கற கிராம சபை அத விட எவ்வளவோ பெரிசு, பாட்டியும் வரலாம், நேத்து 18 முடிஞ்ச பொண்ணும் வரலாம்.

போறதுக்கு முன்னாடி என்ன பண்ணலாம்னா, ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கோங்க. பத்து பிரச்சனையோட போனா ஒண்ணும் நடக்காது. தெருவிளக்குன்னா எந்தக் கம்பம், எத்தன நாளா எரியல, யாருகிட்ட எப்ப சொன்னீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. தெருவுல நாலு பேர கூட்டிட்டுப் போங்க, தனியா போனா கை காலு நடுங்கும், எனக்கும் நடுங்குச்சு. அங்க மொதல்ல சென்னையிலேர்ந்து வந்த பொருள் பட்டியல, அதாவது என்னென்ன பேசணுங்கற லிஸ்ட்ட, வாசிப்பாங்க, டெங்கு, பிளாஸ்டிக், ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம்னு வரிசையா போகும், கடைசியில இதர பொருட்கள்னு ஒண்ணு வரும், அதுதான் நம்ம நேரம், அதுக்குள்ள வெயில் ஏறி பாதிக் கூட்டம் கலைஞ்சிரும், நீங்க கலையாதீங்க. யூனியன் ஆபீஸ்லேர்ந்து பற்றாளர்னு ஒரு அதிகாரி வந்து உக்காந்திருப்பாரு, தீர்மானம் எழுத யோசிச்சா அவரப் பாத்து பணிவா ஆனா எல்லார் காதுலயும் விழற மாதிரி கேளுங்க. எழுதினத வாசிக்கச் சொல்லுங்க, தீர்மானத்தோட நம்பரக் குறிச்சுக்கோங்க. அடுத்த மீட்டிங்ல போன தடவை போட்ட இந்த நம்பர் தீர்மானம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. நடந்திருந்தா அதுக்கு ஒரு நன்றி சொல்லுங்க, இத நிறைய பேரு மறந்துடறாங்க, வேணுங்கறப்போ மட்டும் வந்து நிக்கறவங்கன்னு பேரு வாங்கக் கூடாது பாருங்க.

2025 ஜனவரி 5ஓட 28 மாவட்டத்துல ஊராட்சித் தலைவர்களோட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர்கள்கிட்ட பொறுப்பு போச்சு. 2016லேர்ந்து 2019 வரைக்கும் கூட இப்படித்தான் தலைவரே இல்லாம ஓடுச்சு. தலைவர் இல்லைன்னாலும் கிராம சபை உண்டு, வாக்காளர் நாம இருக்கோம்ல. இன்னும் சொல்லப்போனா தெருவுல கூப்பிட்டுக் கேக்க மெம்பர் இல்லாத அந்த மாதிரி நேரத்துல நாம கேள்வி கேக்க இருக்கற முக்கியமான இடமே அதுதான். டவுன்ல இருக்கறவங்களுக்கு 2022 நவம்பர் 1லேர்ந்து வார்டுக்குள்ள பகுதி சபைன்னு ஆரம்பிச்சாங்க, அன்னிக்கு தாம்பரம் மாநகராட்சி பம்மல்ல நடந்ததுல முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகிட்டாரு. நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியல, உங்க கவுன்சிலர்கிட்ட அடுத்தது எப்பன்னு கேட்டு வைங்க.

எங்க ஊர்ல அந்தப் புது மோட்டார் வர ஏழு மாசம் ஆச்சு. அதுக்குள்ள ரெண்டு மீட்டிங்ல அந்தக்கா அதே நம்பரச் சொல்லி அதே குரல்ல கேட்டாங்க. மோட்டார் வந்த வாரம் நான் டேங்க் அண்ணன் வீட்டுக்குப் போய் அன்னிக்கு அப்படிப் பேசினது தப்புண்ணேன்னு சொன்னேன், அவரு "அட விடு தம்பி, டீ குடிக்கிறியா"ன்னாரு. அடுத்த ஆகஸ்ட் 15 கூட்டத்துல நாங்க எதிர்பாக்கவே இல்ல, எப்பவும் ஓரமாவே நிக்கற மனுஷன் இதர பொருட்கள் வந்ததும் கையத் தூக்கினாரு. கீழத்தெரு டேங்க்ல ஏணிக்கு நாலாவது படி உடைஞ்சு போச்சு, மழைக்கு முன்னாடி மாத்தணும், தீர்மானம் எழுதுங்கன்னாரு. கிளார்க் எழுதி முடிச்சதும், "வாசிச்சுக் காட்டுங்க சார்"னாரு.